சிபாரிசு இல்லாதவர்களின் கடிதம்



ஐந்தாவது செமஸ்டர் முடிந்துவிட்டால் போதும். கேன்டீன் ஆனாலும் சரி, தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலம் ஆனாலும் சரி, நம்ம பசங்க பேச்சு ஒன்றே ஒன்றுதான். ‘இன்டர்வியூவுல முதல்ல என்ன கேப்பாங்க?’ பதிலும் எல்லோருக்கும் தெரியும். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.’ உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்!

நம் பெயர், நம் ஊர், நம் படிப்பு. இதில் நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? ஆனாலும், டேட்டாபேஸில் ‘ஜாயின்’ என்றால் என்ன என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறவன், இந்தக் கேள்விக்கு மட்டும் விட்டத்தைப் பார்க்கிறான். ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. இதே கேள்வியைத் தமிழில் கேட்டாலும் நம்மில் பலருக்குப் பதில் வராது என்பதுதான் மீதி உண்மை.

ஏன் வருவதில்லை? நம் வீடுகளில் இந்தப் பழக்கமே கிடையாது. என் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டுக் கதையும் இதுதான் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை எப்படிக் கிடைத்தது? தெருவில் தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போய், ‘நம்ம ஆளுதான், நல்லா வேலை செய்வாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னார். கிடைத்தது. தன்னைப் பற்றித் தானே ஒரு தாளில் எழுதி, முன்பின் தெரியாத ஒருவரிடம் நீட்ட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

கணினித் துறையில் நமக்காக அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. சித்தப்பா மேனேஜர் இல்லை, மாமா டீம் லீடர் இல்லை. ஆகவே நம்மைப் பற்றி நாமேதான் சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தற்புகழ்ச்சி குற்றமா?

முதலில் மனத்தடையை எடுத்துப் போடுவோம். ‘தன்னைத்தானே புகழாதே’ என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். தமிழ் இலக்கண நூலான நன்னூலும் அதையே சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நூல் அது. எத்தனை துறைகளைக் கரைத்துக் குடித்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்கிறார் அவர்.

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களுக்கு விதிவிலக்கு கொடுக்கிறார். மன்னனின் அவைக்கு ஓலை எழுதும்போது கற்றவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். தன் திறமையை அறியாதவர்கள் நடுவே சொல்லிக்கொள்ளலாம். சபையில் வாதாடி வெல்ல வேண்டிய வேளையில் சொல்லிக்கொள்ளலாம். எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் சொல்லிக்கொள்ளலாம்.

கவனித்தீர்களா நண்பர்களே? முதல் இடம் நம்முடைய அப்ளிகேஷன்! இரண்டாவது இடம் இன்டர்வியூ! மூன்றாவது குரூப் டிஸ்கஷன் என்றே வைத்துக்கொள்ளலாம். நம்மைத் தெரியாத ஒருவரிடம், அவர் கேட்கும்போது, நமக்குத் தெரிந்ததைச் சொல்வது தற்பெருமை ஆகாது என்று எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனிமேல் கூச்சம் எதற்கு?

அனுமதி கிடைத்துவிட்டது. இனி, சொல்லும் முறை என்ன? அதற்கு நம்ம மெட்ராஸிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

துறைமுகக் குமாஸ்தாவின் இரண்டு கடிதங்கள்

கணித மேதை ராமானுஜனை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அவர் வேலை தேடி அலைந்த கதையை நம் பாடப்புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. நமக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் அவருக்கு உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்வில் அங்கேயும் தேறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், அரியரைக் கிளியர் பண்ணவே இல்லை; டிகிரி இல்லை. 1910-இல் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. காட்டியது தன் கணக்கு நோட்டுப் புத்தகம். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இவரைத் தாலுகா ஆபீசில் உட்கார வைத்தால் திறமை வீணாகிவிடும் என்று நினைத்து, சென்னையில் இருந்த கணித அறிஞர்களைப் பார்க்கும்படி அனுப்பி வைத்தார். அதன் பிறகு நெல்லூரில் கலெக்டராக இருந்த ஆர்.ராமச்சந்திர ராவிடமும் அதே நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போனார்.

1912 பிப்ரவரி 9 அன்று, திருவல்லிக்கேணியில் தங்கியிருந்த ராமானுஜன், மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். மிகச் சிறிய விண்ணப்பம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலையால் மேலே தொடர முடியவில்லை, அதன் பிறகு என் நேரத்தையெல்லாம் கணிதத்தில்தான் செலவழித்து வருகிறேன், வேலை கொடுத்தால் அதைச் சரியாகச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். இவ்வளவுதான் அதன் சாரம். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையையும் கூட வைத்தார். மார்ச் 1 முதல் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

பதினொரு மாதம் கழித்து, 1913 ஜனவரி 16 அன்று, அதே ஆள் இன்னொரு கடிதம் எழுதினார். இது கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு. அங்கே வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பார்த்தும் பலன் கிடைக்காத நிலையில் எழுதியது இது. தான் போர்ட் டிரஸ்ட்டில் ஆண்டுக்கு வெறும் 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்றும், பல்கலைக்கழகப் படிப்பு தனக்கு இல்லை என்றும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். பிறகு தான் செய்திருக்கும் வேலையைப் பற்றிச் சொன்னார். கூடவே சூத்திரங்களும் தேற்றங்களுமாகப் பக்கம் பக்கமாக இணைத்தார்.

ஹார்டிக்கு ராமானுஜன் யாரென்றே தெரியாது. யாரோ ஏமாற்றுக்காரர் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தத் தாள்களை அவரால் சரிபார்க்க முடிந்தது. நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். சில சூத்திரங்கள் ஏற்கெனவே தெரிந்தவை. சிலவற்றைக் கஷ்டப்பட்டு நிரூபிக்க முடிந்தது. சில, அவர் அதுவரை கண்டதே இல்லாதவை. பதில் கடிதம் பிப்ரவரியில் புறப்பட்டது. அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறினார். 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

‘அவர் மேதை, நாம என்ன அப்படியா?’ என்று நீங்கள் கேட்கலாம். ‘அவரைச் சுற்றிப் படித்தவர்கள் இருந்தார்களே, சிபாரிசும் கிடைத்ததே’ என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தச் சிபாரிசுகள் எல்லாம் நோட்டைக் காட்டிய பிறகு வந்தவை என்பதைப் பாருங்கள். மேதைமையை நாம் கடன் வாங்க முடியாது. முறையைக் கடன் வாங்கலாம். அந்த முறையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. இல்லாததை மறைக்காமல் ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போவது ஒன்று. யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கு ஏற்றபடி எழுதுவது இரண்டு. முன்பின் தெரியாதவர் தாமே சரிபார்த்துக்கொள்ளக் கூடிய ஒன்றைக் கையில் கொடுப்பது மூன்று. மூன்றாவதுதான் உயிர்.

சரிபார்க்க முடிகிற வாக்கியம்

நம் சீனியர்கள் விட்டுச் சென்ற ரெஸ்யூம்களை ஒரு நாள் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக இயங்குபவர்’, ‘புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உடையவர்’. பெயரை மட்டும் மாற்றினால் ஒருவருடையது இன்னொருவருக்குப் பொருந்திவிடும். இந்த வாக்கியங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிப்பவரால் இவற்றைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாததை யாரும் நம்பவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள். தாண்டிப் போய்விடுவார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடும் கடை ஒன்று இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை காலி கேன் நிற்கிறது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கடைக்கார அண்ணனின் டைரியில்தான் இருக்கும். டைரி நனைந்தால் கணக்கும் நனைந்துவிடும். அவருக்காக ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இதை ரெஸ்யூமில் இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் விதம்: ‘பைத்தான், டேட்டாபேஸ் ஆகியவற்றில் நல்ல அறிவும் மென்பொருள் உருவாக்கத்தில் ஆர்வமும் உண்டு.’

இரண்டாம் விதம்: ‘தண்ணீர் கேன் கடை ஒன்றுக்கு, சுமார் 140 வீடுகளின் காலி கேன் கணக்கையும் பாக்கியையும் வைத்திருக்கும் புரோகிராமைப் பைத்தானிலும் எஸ்.க்யூ.லைட்டிலும் எழுதினேன். நான்கு மாதமாகக் கடையில் ஓடுகிறது.’

இரண்டாவதில் ஒரு புகழ்ச்சி வார்த்தைகூட இல்லை. ஆனால் அதைப் படித்தவர் கேள்வி கேட்கலாம். ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் வந்தால் என்ன செய்தாய்? கரண்ட் போனால் கணக்கு என்ன ஆகும்? ஏன் எஸ்.க்யூ.லைட்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியும், ஏனென்றால் அந்த வேலையை நான் செய்திருக்கிறேன். கேள்வி நமக்குத் தெரிந்த பக்கமாகத் திரும்புவதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

பெரிய புராஜெக்ட் எதுவும் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். லேபில் பதினைந்து கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் இழுத்தது, பக்கத்து மெடிக்கல் ஷாப்பின் பிரிண்டரைச் சரிசெய்தது, செமஸ்டர் புராஜெக்ட்டில் நீங்கள் எழுதிய ஒரு பகுதி, இவை எல்லாமே வேலைதான். நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்றால் ‘இந்தப் பகுதி என்னுடையது’ என்று பிரித்து எழுதுங்கள். நிரல் எழுதியிருந்தால் அதை ‘கிட்ஹப்’ போன்ற தளத்தில் இலவசமாகப் போட்டு வைக்கலாம். இது என்ன செய்கிறது, எப்படி ஓட்டிப் பார்ப்பது என்று பத்து வரி விளக்கமும் கூட இருக்கட்டும். ராமானுஜன் கக்கத்தில் இடுக்கிய நோட்டுக்குப் பதிலாக நமக்கு ஒரு இணைய முகவரி!

இப்போது இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. சாட்ஜிபிடி மாதிரி செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அதுவே ரெஸ்யூம் எழுதித் தந்துவிடுகிறது. எழுத்துப்பிழையும் ஆங்கில இலக்கணமும் திருத்திக்கொள்ள அது நல்ல துணை. ஆனால் தண்ணீர் கேன் கடை அதற்குத் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் மறுபடியும் ‘கடின உழைப்பாளி’ என்றுதான் எழுதும். நாம் செய்யாததை அது அழகாக எழுதிக் கொடுத்தால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வோம்.

யாருக்கு எழுதுகிறோம்?

ராமானுஜன் போர்ட் டிரஸ்ட்டுக்குத் தேற்றங்களை அனுப்பவில்லை. ஹார்டிக்கு ‘வேலையைச் சரியாகச் செய்வேன்’ என்று மட்டும் எழுதி நிறுத்தவில்லை. ஒரே ஆள், இரண்டு கடிதம்!

நம்மைச் சுற்றிப் பாருங்கள். சானடோரியத்தில் மெப்ஸ் இருக்கிறது. 1984-இல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கி, 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறிய இடம். ரெடிமேட் துணி, எலக்ட்ரானிக்ஸ், மென்பொருள் என்று கலந்து இருக்கும். தரமணியில் 2000-இல் திறந்த டைடல் பார்க். அதே தரமணியில் இன்னொரு ஐ.டி. வளாகத்துக்கு ‘ராமானுஜன் ஐ.டி. சிட்டி’ என்றே பெயர் வைத்தார்கள். வேலைக்கு அலைந்த அந்தக் குமாஸ்தாவின் பெயரில்! ஓ.எம்.ஆர். வழியே தெற்கே போனால் சிறுசேரி சிப்காட். ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜோஹோ வளாகம். பள்ளிப் படிப்போ டிப்ளமோவோ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்த நிறுவனத்துக்கு உண்டு. அதற்கும் அப்பால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. இவை தவிர, குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும் சிறிய சிறிய பில்லிங் மென்பொருள் கம்பெனிகள், சர்வீஸ் சென்டர்கள், கம்ப்யூட்டர் பராமரிப்பு ஆள் தேவைப்படும் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்பினால் எப்படி? ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் இழுத்ததும் பிரிண்டர் சரிசெய்ததும் முதலில் வர வேண்டும். மென்பொருள் கம்பெனிக்கு எழுதிய நிரல் முதலில் வர வேண்டும். ஆள் ஒன்றுதான், உண்மையும் ஒன்றுதான். வரிசை மட்டும் மாறும்.

அரசு வழியாகவும் கதவுகள் உண்டு. 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. ஓராண்டுப் பயிற்சி, மாத உதவித்தொகையோடு. தென் மாநிலங்களுக்கான தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் நம்ம தரமணியில்தான் இருக்கிறது. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பயிற்சிகளும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு உண்டு. முதல் வேலை கிடைக்காதவர்களுக்கு அப்ரன்டிஸ் ஓராண்டு என்பது, ரெஸ்யூமில் சரிபார்க்கத்தக்க ஒரு வரியைச் சம்பாதிக்கும் ஆண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கமும் ஐந்து வரியும்

‘ரெஸ்யூம்’ என்பது பிரெஞ்சுச் சொல். சுருக்கம் என்று பொருள். ‘கரிக்குலம் விட்டே’ என்கிற சி.வி. லத்தீன் சொல். வாழ்க்கையின் ஓட்டம் என்று பொருள். நம்ம ஊரில் ‘பயோடேட்டா’ என்றால் கல்யாணத் தரகரும் கேட்பார், கம்பெனியும் கேட்கும். அதனால்தானோ என்னவோ உயரம், எடை, மதம், சாதி, அப்பா பெயர் எல்லாம் வேலைக் காகிதத்திலும் ஏறிவிடுகின்றன. கம்பெனிக்கு இவை தேவையில்லை. படித்து முடிக்கும் நமக்கு ஒரு பக்கம் தாராளமாகப் போதும்.

1. மேலே பெயர், கைபேசி எண், இ-மெயில், ஊர். இ-மெயில் முகவரி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சினிமா ஹீரோ பெயரும் ‘ராக்ஸ்டார்’ பட்டமும் வேண்டாம்.

2. அடுத்து, செய்த வேலைகள் மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு வரி. யாருக்காக, எதைக் கொண்டு, என்ன ஆயிற்று?

3. தெரிந்தவை. சி, ஜாவா, பைத்தான், எச்.டி.எம்.எல். என்று பாடத்திட்டத்தையே இறக்கி வைக்காதீர்கள். கேள்வி கேட்டால் தாங்குகிறவற்றை மட்டும் எழுதுங்கள்.

4. படிப்பு. டிப்ளமோ, பத்தாம் வகுப்பு, மதிப்பெண், ஆண்டு. அரியர் இருந்தால் பொய் சொல்லாதீர்கள். மார்க் ஷீட் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரே வரியில் உண்மையை எழுதிவிட்டு மேலே போங்கள்.

5. எளிய எழுத்துரு, பி.டி.எஃப். வடிவம், கோப்பின் பெயரில் உங்கள் பெயர். பெரிய கம்பெனிகளில் ரெஸ்யூமை முதலில் மென்பொருளே பிரிக்கிறது. பூ வேலைப்பாடும் கட்டம் கட்டமான டேபிளும் அதைக் குழப்பிவிடும்.

ரெஸ்யூமோடு போகும் மெயிலைக் காலியாக அனுப்பாதீர்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே! ஐந்து வரி போதும். நான் எழுதி வைத்திருப்பதைத் தமிழில் தருகிறேன். உங்கள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நான் கணினிப் பொறியியல் டிப்ளமோ இறுதியாண்டு மாணவர், தாம்பரத்தில் வசிக்கிறேன். உங்கள் நிறுவனம் சிறு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்வதைப் பார்த்தேன். நானும் ஒரு தண்ணீர் கேன் கடைக்குக் கணக்கு வைக்கும் நிரல் எழுதியிருக்கிறேன். நான்கு மாதமாக ஓடுகிறது, அதன் முகவரி கீழே உள்ளது. மே மாதத்திலிருந்து வேலைக்கு வர முடியும். பத்து நிமிடம் நேரம் கொடுத்தால் நேரில் வந்து காட்டுகிறேன்.’

இதில் கெஞ்சலும் இல்லை, பீற்றலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரில் ஒரு நிமிடம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். எதிரே இருப்பவர் அதை ஏன் கேட்கிறார்? நம் குடும்ப வரலாறு அவருக்குத் தேவையில்லை. எங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்று பார்க்கிறார். ‘மை ஃபாதர் இஸ்... மை மதர் இஸ்... மை ஹாபீஸ் ஆர் பிளேயிங் கிரிக்கெட் அண்ட் லிசனிங் டு மியூசிக்’ என்று நாம் மனப்பாடத்தை முடித்ததும், அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூடக் கிடைப்பதில்லை.

பெயர், படிப்பு, ஊர் என்று ஒரு வாக்கியம். செய்த வேலை ஒன்றைப் பற்றி மூன்று வாக்கியம். இந்த இடத்தில் என்ன செய்ய, என்ன கற்க விரும்புகிறேன் என்று ஒரு வாக்கியம். ஒரு நிமிடம் ஆகும். முதலில் தமிழில் யோசித்துத் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள். ‘ஐ ரோட் எ புரோகிராம் ஃபார் எ வாட்டர் கேன் ஷாப்.’ இதில் கஷ்டமான வார்த்தை எது? தெரிந்த விஷயத்தைச் சொல்ல எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். தெரியாத கேள்வி வந்தால் ‘தெரியாது சார், ஆனால் இப்படித் தேடிப் பார்ப்பேன்’ என்று சொல்வதும் நல்ல பதில்தான்.

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால்? தலை நிமிர்ந்து சொல்லுங்கள். லோடு வண்டி ஓட்டுகிறார், கட்டட வேலை செய்கிறார், பூ கட்டி விற்கிறார், எதுவானாலும். அதை மறைத்து ‘பிசினஸ்’ என்று சொல்ல வேண்டாம். கேட்காதபோது அனுதாபத்துக்காக இழுத்துப் போடவும் வேண்டாம். அவர்கள் உழைப்பு நம்மைப் படிக்க வைத்தது. அதைச் சிபாரிசுக் கடிதமாக ஆக்குவது அவர்களுக்கு மரியாதை ஆகாது.

அவர்களையும் சரிபார்ப்போம்

ஒரு எச்சரிக்கை. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ‘வேலை நிச்சயம்’ என்று சொன்ன கன்சல்டன்சி ஒன்றுக்கு டெபாசிட் கட்டினார். வீட்டு நகை அடகுக்குப் போன பணம் அது. அடுத்த மாதம் அந்த ஆபீசில் பூட்டு தொங்கியது. வேலை தருகிறவர் நமக்குச் சம்பளம் கொடுப்பாரே தவிர, நம்மிடம் பணம் கேட்க மாட்டார். பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம் பணம், முன்பணம் என்று என்ன பெயர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.

கம்பெனி பதிவானதா என்பதை மத்திய அரசின் கார்ப்பரேட் விவகார அமைச்சக இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். கடிதம் கம்பெனியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வந்ததா, விலாசத்தில் உண்மையிலேயே அலுவலகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் நம்மைச் சரிபார்க்கிறார்கள். நாமும் அவர்களைச் சரிபார்ப்பதில் தப்பே இல்லை.

அடுத்து வருகிறவனுக்கு...

நண்பர்களே! எல்லாக் கடிதத்துக்கும் பதில் வராது. ராமானுஜனுக்கே வரவில்லை. இருபது பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடலாம். அந்த ஒருவருக்காகத்தான் எழுதுகிறோம். ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில், யாருக்கு, என்ன அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள். இடையில் சும்மா இருக்காமல் ரெஸ்யூமுக்கு இன்னொரு வரி சேருங்கள்.

போர்ட் டிரஸ்ட்டில் ராமானுஜனுக்கு மேலே இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் அறிந்தவர். ராமானுஜனின் நோட்டைப் படித்துப் புரிந்துகொண்டு, மேலிடத்தில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். நம் வீடுகளில் அப்படி ஒருவர் இதுவரை இல்லை. நாளை நமக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்போது, நம் கல்லூரியிலிருந்து முகம் தெரியாத ஒரு ஜூனியரின் மெயில் வரும். அதில் ஒரு முகவரி இருக்கும். திறந்து பாருங்கள், ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால், ‘நம்ம ஆளுதான், நல்லா வேலை செய்வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு அன்றைக்கு மதிப்பு இருக்கும். ஏனென்றால், சரிபார்த்துவிட்டுச் சொல்வோம்!

— இறுதியாண்டு மாணவர், கணினிப் பொறியியல் துறை